பதினெட்டாங்கட்டைக்கு ஒரு வாடகைக் கார்

அடுத்த மாதம் மறுபடியும் காஹாங் போகிறோம். கோலாலம்பூரிலிருந்து வாடகைக் கார், இரண்டு இரவு, ஒரே வீடு. திட்டம் நோட்டுப் புத்தகத்தில் அரைப் பக்கம்தான் வந்திருக்கிறது. கடந்த ஜூன் மாதம் இதே ஊருக்குப் போட்ட திட்டம் ஏழு பக்கம். அந்த ஏழு பக்கம் எப்படி அரைப் பக்கமானது என்று சொன்னால், பள்ளி விடுமுறைக்கு ஒரு காரை எடுத்துக்கொண்டு எங்காவது கிளம்பலாம் என்று நினைக்கும் உங்களில் சிலருக்காவது உதவும்.

நான் வானொலி அறிவிப்பாளர். காலை நிகழ்ச்சி. எங்கள் வேலையில் எல்லாம் விநாடிக் கணக்கு. பாட்டு முடிய 12 விநாடி இருக்கும்போது பேசத் தொடங்க வேண்டும். செய்திக்கு 3 விநாடி முன்னால் வாயை மூட வேண்டும். ஒலிபரப்பில் சில விநாடி சத்தமே இல்லாமல் போனால் யாராவது ஓடி வருவார்கள். பத்து வருடமாக இப்படி வாழ்ந்தவளுக்கு விடுமுறையையும் அப்படித்தான் போடத் தெரிந்தது.

பயணத்துக்குக் காரணம் பெரியம்மா. வயது 74. அம்மாவைவிட ஆறு வயது மூத்தவர். ஒரு வருடமாக அடுப்பில் வைத்த பாலை மறக்கிறார், மருந்து சாப்பிட்டாரா இல்லையா என்பதை மறக்கிறார். பேரனை இறந்துபோன தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மருத்துவர் நிதானமாகத்தான் சொன்னார்: "பார்க்க வேண்டிய இடம், ஆள் ஏதாவது இருந்தால் இந்த வருடமே கூட்டிப் போங்கள்." பெரியம்மாவிடம் கேட்டோம். யோசிக்கவே இல்லை. "பதினெட்டாங்கட்டைக்குப் போகணும். அப்பாவப் பார்க்கணும்" என்றார்.

அம்மாவும் பெரியம்மாவும் பிறந்தது காஹாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். குளுவாங்கிலிருந்து பதினெட்டாவது மைல். அதனால் அவர்களுக்கு அது பதினெட்டாங்கட்டை. சாலையோரக் கற்கள் கிலோமீட்டருக்கு மாறி எத்தனையோ வருடமாகியும் எங்கள் வீட்டில் கட்டைக் கணக்கு மாறவில்லை. தாத்தா 1974-இல் அங்கேதான் காலமானார். தோட்டத்து இடுகாட்டில் புதைத்தார்கள். 1981-இல் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது குடும்பம் தலைநகருக்கு வந்துவிட்டது. அதன்பிறகு இருவரும் அந்தப் பக்கம் போனதே இல்லை.

ஏழு பக்கத் திட்டம்

காஹாங் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக: ஜொகூர் மாநிலம், குளுவாங் மாவட்டம். பத்து பகாட்டில் தொடங்கி ஆயர் ஹீத்தாம், குளுவாங் வழியாகக் கிழக்குக் கரைக்குப் போகும் 50-ஆம் எண் கூட்டரசு சாலையில், குளுவாங்கைத் தாண்டி முப்பது கிலோமீட்டருக்கு மேல் போனால் காஹாங். இன்னும் போனால் ஜெமாலுவாங், பிறகு மெர்சிங் கடல். தலைநகரிலிருந்து வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வந்து ஆயர் ஹீத்தாமில் இறங்கினால், மீதி எல்லாம் சாதாரணச் சாலை. மொத்தம் 300 கிலோமீட்டர் போல வரும்.

இவ்வளவு தூரம் போகிறோம், ஒரு தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதா என்று எனக்கு ஆசை பெருகிவிட்டது. குளுவாங்கில் 1938-இல் ரயில் நிலையத்தில் தொடங்கிய புகழ்பெற்ற கோப்பிக் கடை. 510 மீட்டர் உயர லம்பாக் மலையின் அடிவாரம். காஹாங்கில் மலைகள் சூழ்ந்த இயற்கை முறை நெல் வயல். ஜெமாலுவாங்கில் பால் பண்ணை. மெர்சிங் படகுத்துறை. அதற்கு வடக்கே ஆயர் பாப்பான் கடற்கரை. இவற்றுக்கு நடுவே சனிக்கிழமை பிற்பகல் 2.30 முதல் 3.15 வரை "தோட்டம்" என்று எழுதியிருந்தேன். நாற்பத்தைந்து நிமிடம்.

எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவும் என் பட்டியலில் இருந்தது. 1985-இல் மலாயா இயற்கைச் சங்கம் தொடங்கிய ஆய்வுப் பயணம்தான் அந்தக் காட்டின் அருமையை நாட்டுக்கு எடுத்துச் சொன்னது. 1993-இல் ஜொகூர் பகுதி பூங்காவாக அரசிதழில் வந்தது. பேத்தா நுழைவாயிலுக்குப் போகும் வழி காஹாங்கிலிருந்துதான் பிரிகிறது. ஆனால் அங்கிருந்து ஜகூன் பூர்வகுடியினர் வாழும் கம்போங் பேத்தா வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தோட்டப் பாதையும் மரவண்டிப் பாதையும். நான்கு சக்கர இழுவை வண்டி வேண்டும். வாடகைக் கார் ஒப்பந்தத்தைப் படித்ததும் அந்த ஆசை முடிந்தது. தார் போடாத சாலையில் வண்டியை இறக்கினால் காப்பீடு செல்லாது என்று அதில் தெளிவாக இருந்தது. உங்கள் ஒப்பந்தத்திலும் அநேகமாக இருக்கும். பேத்தாவுக்குப் போக விரும்புகிறவர்கள் காஹாங்கில் உள்ள பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே பேசி, காரை ஊரில் விட்டுவிட்டு, காட்டு வண்டி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நவம்பர் முதல் மழைக்காலத்தில் பூங்காவை மூடிவிடுவது வழக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கார் எடுக்கும் முன்

காரைப் பற்றிக் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மலிவாக இருக்கிறதே என்று சின்னக் கார் ஒன்றைப் பதிவு செய்தேன். அம்மாதான், "அக்காவோட முட்டிக்கு அது ஆகாது, நீ ஏறி உட்கார்ந்து பாத்தியா?" என்று கேட்டார். கடைக்குப் பெரியம்மாவையே கூட்டிப் போனேன். தாழ்வான இருக்கையில் உட்கார்ந்தவரால் எழவே முடியவில்லை. கைத்தாங்கி நடக்கும் சட்டமும் பின்பெட்டியில் அடங்கவில்லை. அல்ஸாவுக்கு மாறினோம். மூன்று நாளுக்கு 480 வெள்ளி, முன்பணம் 300. வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் காரை விலையைப் பார்த்து எடுக்காதீர்கள். இருக்கையின் உயரத்தைப் பார்த்து எடுங்கள்.

இரண்டாவது, காப்பீடு. தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று சொந்தக் காரையே வாடகைக்கு விடுகிறவர்கள் உண்டு. நாளுக்கு முப்பது, நாற்பது வெள்ளி குறையும். ஆனால் சாதாரணத் தனியார் கார் காப்பீடு வாடகைக்கு விட்ட வண்டிக்குப் பொருந்தாது. விபத்து என்று வந்தால் நடுரோட்டில் நிற்கப்போவது நீங்கள்தான். வாடகைக்கு விட உரிமம் உள்ள இடத்தில் எடுங்கள். விபத்தானால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும், கண்ணாடியும் டயரும் அதில் சேருமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, டோல். காரின் முன் விளக்கில் ஒட்டியிருக்கும் வில்லை உரிமையாளரின் கணக்கோடு இணைந்திருக்கலாம். கவனிக்காமல் அந்தத் தடத்தில் போனால் பிறகு கணக்கு பார்க்கும்போது வாக்குவாதம் வரும். சொந்த டச் என் கோ அட்டையை எடுத்துக்கொண்டு அட்டைத் தடத்திலேயே போங்கள்.

நான்காவது, வண்டியை வாங்கும்போது சுற்றி வந்து ஒரு வீடியோ எடுங்கள். கீறல், பெட்ரோல் முள், மாற்று டயர், ஜாக்கி எல்லாம் அதில் தெரிய வேண்டும். கடைக்காரரின் கண்முன்னாலேயே எடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தங்கும் வீடுகளுக்கும் இதே போல. செயலியில் பதிவு செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளாமல் வீட்டுக்காரரோடு ஒரு முறை பேசிவிட வேண்டும். அறை கீழ்த்தளமா, வாசலில் எத்தனை படி, கழிப்பறை உட்காரும் வகையா, இரவில் பக்கத்தில் சாப்பாடு கிடைக்குமா, கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் பணம் என்னாகும் என்று கேட்டேன். காஹாங் வீட்டுக்கார மக்சிக் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி, கடைசியில் அவரே ஒன்று சொன்னார்: "இருட்டின பிறகு மெர்சிங் ரோட்டில் வராதே. யானை நிற்கும்."

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. அந்தச் சாலையின் இரு பக்கமும் காடும் செம்பனையும். இளம் செம்பனைக் குருத்துக்காக யானைகள் தோட்டங்களுக்குள் வருவதும், சாலையைக் கடப்பதும் அங்கே வாடிக்கை. யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ஹாரன் அடிக்கக் கூடாது, பெரிய விளக்கைப் போடக் கூடாது, படம் எடுக்க இறங்கவே கூடாது. மெதுவாகப் பின்வாங்கித் திரும்பிவிடுவதே நல்லது.

ஆக, கார்க் கடைக்கு மூன்று முறை போன் செய்தேன். இரண்டு தங்கும் வீடுகளுக்கும் பேசினேன். நெல் வயலுக்குப் பேசினேன். எதற்காகக் கிளம்பினோமோ, அந்தத் தோட்டத்துக்கு மட்டும் போன் செய்யவில்லை. பிறந்த இடத்துக்கு யாரிடம் கேட்பது என்ற நினைப்பு.

அலுவலகம் மூடிவிட்டது

சனிக்கிழமை காலை 7 மணிக்குக் கிளம்பினோம். ஓய்விடங்களில் பெரியம்மாவுக்காக மூன்று முறை நின்றோம். திட்டத்தில் ஒரு முறைதான் இருந்தது. ஆயர் ஹீத்தாமில் இறங்கும்போதே ஒரு மணி நேரம் பின்தங்கிவிட்டேன். குளுவாங்கில் கோப்பியும் சுட்ட ரொட்டியும் ஆனது. பழந்தின்னி வௌவாலுக்கு மலாயில் கெலுவாங் என்று பெயர், அதிலிருந்துதான் ஊர்ப் பெயரே வந்தது என்று நான் வானொலிக் குரலில் சொல்ல ஆரம்பித்தேன். பெரியம்மா சாவகாசமாக, "ஆமா, சாயங்காலம் கூட்டமா பறக்கும். அப்பா காட்டியிருக்காரு" என்றார். லம்பாக் மலையைக் காருக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டோம்.

தோட்டத்து வாசலை அடைந்தபோது மணி 2.40. இரும்புத் தடுப்பு, பக்கத்தில் ஜாகா கொட்டகை. நேப்பாளத்து இளைஞர் ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் வெளியாளை விட முடியாது; அலுவலகம் 1 மணிக்கு மூடிவிட்டது; நாளை ஞாயிறு; திங்கள் காலை 7 மணிக்கு வாருங்கள்.

நான் கெஞ்சினேன். அம்மா தோட்டத்து மலாயில் கேட்டார். அந்தப் பையன் தலைகுனிந்து நின்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. பழக்குலை திருட்டுக்குப் பயந்து எல்லாத் தோட்டத்திலும் இப்போது இப்படித்தான். பின்னிருக்கையில் பெரியம்மா கண்ணாடியை இறக்கிச் செம்மண் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டு எப்ப போட்டாங்க?" என்று மட்டும் கேட்டார்.

என் ஏழு பக்கத்தில் திங்கட்கிழமை காலை 7 மணிக்கு நாங்கள் மெர்சிங்கில் இருக்க வேண்டும். ஞாயிறு இரவு அங்கே தங்கிவிட்டு, விடியுமுன் அந்த யானைச் சாலையில் திரும்பி வருவது நடக்காது. காஹாங் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மெர்சிங் விடுதிக்குப் போன் செய்தேன். முன்பணம் 160 வெள்ளி திரும்ப வராது என்றார்கள். அது அவர்கள் முன்பே சொன்ன விதிதான். மக்சிக்கிடம் இன்னொரு இரவு இடம் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். கடல் போனது, பால் பண்ணை போனது, நெல் வயலும் போனது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்ன செய்வது என்று தெரியாமல் நோட்டை மூடினேன்.

வெறும் ஞாயிறு

அந்த நாளில் நாங்கள் செய்த ஒரே காரியம் காஹாங் கடைத்தெருவுக்குப் போனதுதான். சிறிய ஊர். ஒரு வரிசைக் கடைகள், பெட்ரோல் நிலையம், பக்கத்து பெல்டா குடியிருப்புகளிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சாமான் வாங்கும் மக்கள். ஒரு பழைய மளிகைக் கடை முன்னால் பெரியம்மா நின்றுவிட்டார். உள்ளே எழுபது வயது மதிக்கத்தக்க சீனர் ஒருவர் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"தவுக்கே, எங்க அப்பா இங்கதான் கடன் வாங்குவாரு" என்றார் பெரியம்மா, தமிழில்.

"எந்தத் தோட்டம்மா?" என்றார் அவர், தமிழில்.

அரை மணி நேரம் பேசினார்கள். அவருடைய தந்தையின் காலத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு 555 நோட்டு. அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு எல்லாம் அதில் ஏறும், சம்பளத்தன்று இறங்கும். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடித்தான் தனக்குத் தமிழ் வந்தது என்றார். இப்போது பேச ஆளில்லை, நாக்கு துருப்பிடித்துவிட்டது என்று சிரித்தார். கிளம்பும்போது, பதினெட்டாங்கட்டையில் இப்போதுள்ள கிராணி தமிழர்தான், தன் கடைக்கு வருகிறவர் என்று சொல்லி, அவரே போன் போட்டார். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. திங்கள் காலை 7.30-க்கு அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டார் கிராணி. இடுகாடு இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னார். "இருக்குன்னு சொல்றாரும்மா. காடு ஏறிக் கெடக்குதாம்" என்றார் தவுக்கே.

பிற்பகல் முழுக்க அக்காவும் தங்கையும் மக்சிக் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலைப் பிரட்டு, நெற்றிவிளக்கு, காண்டாவில் பால் வாளி தூக்கி நடந்தது, ஆயாக் கொட்டகையில் அம்மா அழுது அடம்பிடித்தது, மழை நாளில் பால்வெட்டு இல்லாமல் போவது, ஒட்டுப்பால் நாற்றம். பல இடங்களில் இருவரும் பேசாமல் இருந்தார்கள். மூன்று விநாடி இல்லை, மூன்று நிமிடம். முதலில் இரண்டு முறை நான் ஏதாவது கேட்டு அந்த மௌனத்தை நிரப்பினேன். பிறகுதான் கவனித்தேன்: சும்மா விட்டால் பெரியம்மா அடுத்த கதைக்குத் தானாக வருகிறார், கேள்வி கேட்டால் தடுமாறுகிறார். அதன்பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

பெயர்களில் ஒன்றைக்கூடப் பெரியம்மா தப்பாகச் சொல்லவில்லை. காலையில் பல் தேய்த்தாரா என்பது நினைவில்லாதவருக்கு, லயத்தில் எட்டு வீட்டுக்காரர்களும் வரிசையாக வந்தார்கள்.

கற்பூரம்

திங்கள் காலை கிராணி எங்களுக்காகக் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். உள்ளே எல்லாம் செம்மண் சாலை. வாடகைக் காரை அலுவலக வாசலிலேயே விட்டுவிட்டு, தோட்டத்து ஹைலக்ஸ் வண்டியில் ஏறினோம். பெரியம்மாவைத் தூக்கி ஏற்ற வங்காளதேசத் தொழிலாளர் இருவர் ஓடி வந்தார்கள்.

லயம் இல்லை. இருந்த இடமும் தெரியவில்லை. செம்பனைக்கு ஆயுள் ஏறத்தாழ 25 வருடம். 1981-இல் நட்டதைச் சாய்த்துவிட்டு மறுபடி நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நடவுக்கும் புல்டோசர் மண்ணைப் புரட்டிப் போடுகிறது. அம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கோயில் மட்டும் நின்றது. தகரக் கூரை புதிது. முன்னாலிருந்த தூங்குமூஞ்சி மரம் பழையது.

மரத்தைக் கண்டதும் பெரியம்மா இறங்க வேண்டும் என்றார். சட்டத்தை ஊன்றிக்கொண்டு நடந்தார். கோயிலுக்குப் பின்னால் சரிவு, சின்ன ஓடை, ஓடையின் மேல் பழைய சிமென்டுப் பாலம். "பாலம் தாண்டி வலது கை" என்றார். கிராணி அரிவாளால் லாலான் புல்லை வெட்டி வழி செய்தார். பத்துப் பன்னிரண்டு சமாதிகள் தெரிந்தன. பெயர் படிக்கக் கூடியவை மூன்று. தாத்தாவுக்குச் சிமென்டு கட்ட அன்று பணம் இல்லை. பாட்டி ஒரு அரளிச் செடி நட்டு வைத்தாராம். அரளி எங்கும் இல்லை.

"இங்கதான்" என்றார் அம்மா, ஒரு மேட்டைக் காட்டி.

"இல்ல பாப்பா. அது முனியாண்டி மாமா. அப்பா இந்தப் பக்கம்" என்றார் பெரியம்மா, பத்தடி தள்ளி.

அம்மாவுக்கு அப்போது வயது 17, நன்றாக நினைவிருக்கிறதாம். பெரியம்மாவுக்கு 23. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கிராணி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? அக்காவுக்கு ஞாபகம் போய்விட்டது என்று அந்த இடத்தில் வைத்து அம்மாவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கொண்டுபோனது ஒரே ஒரு கற்பூரப் பெட்டி, அதிலும் ஈரத்தில் பாதி கரைந்துவிட்டது. கடைசியில் இரண்டு மேட்டுக்கும் நடுவில் ஒரு தட்டைக் கல்லை வைத்து அம்மா ஏற்றினார். பெரியம்மா குனிய முடியாமல் நின்றபடியே கும்பிட்டார். "அப்பா, ராசம்மா வந்திருக்கேன். பாப்பாவும் வந்திருக்கா" என்றார். தன் பெயரை அவர் தானே சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அங்கிருந்து வெளியே வரும்போது 10.45. நான் ஒதுக்கியிருந்த நாற்பத்தைந்து நிமிடம் மூன்றே கால் மணி நேரமாகியிருந்தது. காரைத் தலைநகரில் திருப்பிக் கொடுக்க மூன்று மணி நேரம் தாமதம். அரை நாள் வாடகை கூடுதல். ஒப்பந்தத்தில் இருந்ததுதான், கட்டினேன்.

அரைப் பக்கம்

இரண்டு வாரம் கழித்து பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "நீ கார் ஓட்டுவியா? என்னை ஒரு தடவை பதினெட்டாங்கட்டைக்குக் கூட்டிட்டுப் போறியா? அப்பாவப் பார்த்து எவ்வளவு வருசமாச்சு" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். போய் வந்தோமே பெரியம்மா என்று படத்தைக் காட்ட போனை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "போலாம்கா" என்றார்.

அதனால்தான் மறுபடியும். இந்த முறை எப்படித் திட்டமிட்டேன் என்று சொல்கிறேன். முதலில் ஒரே ஒரு கேள்வி: எது நடக்காவிட்டால் இந்தப் பயணம் வீண்? அதை நடுவில் எழுதினேன். முதல் போன் அந்த இடத்துக்கு. கிராணியிடம் நாளும் நேரமும் பேசியாகிவிட்டது. பிறகு அதைச் சுற்றி மற்றவை. தங்குவது இரண்டு இரவும் மக்சிக் வீட்டில், பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் வேலை இல்லை. ஒரு முழுப் பகல் வெறுமனே விடப்பட்டிருக்கிறது. தவறுவதும் தாமதமாவதும் அதற்குள் அடங்கும். காரைச் செவ்வாய் மதியம் வரை எடுத்திருக்கிறேன், அரை நாள் அபராதத்தைவிட அது எனக்கு நிம்மதி. மின்ரயில் குளுவாங் வரை வருகிறது என்று அங்கேயே கார் எடுக்கவும் யோசித்தேன். பெரியம்மா நினைத்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதால் இந்த முறையும் காரே. மாதத்தைச் செப்டம்பருக்குள் முடித்துக்கொண்டேன். ஆண்டுக் கடைசி மழையை நம்ப முடியாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் வந்த வெள்ளத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

மெர்சிங் கடலும் நெல் வயலும் எங்கேயும் போகாது. பேத்தா காட்டுக்கு ஒரு நாள் நான் தோழிகளோடு போவேன். அவையெல்லாம் வேறு பயணங்கள்.

உங்கள் வீட்டிலும் கட்டைக் கணக்கில் ஊர் சொல்லும் ஒருவர் இருக்கலாம். அந்தத் தோட்டத்துக்கு இன்று யார் பொறுப்பு, அலுவலகம் எந்த நாள் திறந்திருக்கும், உள்ளே விடுவார்களா என்பதை இந்த வாரமே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். காரைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

அரைப் பக்கத்தின் கடைசி வரியை அம்மா சொல்லி நான் எழுதினேன்: கற்பூரம், இரண்டு பெட்டி.